நிசேயாவுல ஓட்டு போட்டா இயேசுவைக் கடவுளாக்கினாங்க? வாசகர் கேள்வி பதில்

நிசேயா சங்கம் கூடி 1700 வருஷம் ஆச்சுன்னு 2025-ல உலகம் பூரா சர்ச்சுகள்ல கொண்டாடினாங்க இல்லையா, அதுலேர்ந்தே பழைய திருச்சங்கங்கள் பத்தி (பிஷப்புகள் கூடி விசுவாச விஷயத்துல முடிவெடுத்த கூட்டங்கள்), அங்க நடந்த சண்டைகள் பத்தி கேள்விகள் வந்துக்கிட்டே இருக்கு. ஒண்ணு ஒண்ணா பதில் போட்டா விஷயம் துண்டு துண்டாப் போயிடும்னு இந்த இதழ்ல மொத்தமா எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், ஆரம்பத்துல இயேசுவை எல்லாரும் வெறும் மனுஷனாத்தான் பாத்தாங்க, 325-ல கான்ஸ்டன்டைன் ராஜா பிஷப்புகளைக் கூட்டி ஓட்டெடுப்பு நடத்தி அவரைக் கடவுளாக்கிட்டார்னு ஒரு யூடியூப் வீடியோல அடிச்சு சொல்றாங்க. காலேஜ்ல படிக்கிற என் பையன் அதைப் பாத்துட்டு வந்து கேக்கறான். என்ன சொல்றது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பையன் கேக்கறது நல்ல விஷயம், கேக்க விடுங்க. முதல்ல அவன்கிட்ட ஒரு பழைய லெட்டரைப் பத்தி சொல்லுங்க. கி.பி. 112 வாக்குல பிளினின்னு ஒரு ரோமானிய கவர்னர் டிராஜன் சக்கரவர்த்திக்கு எழுதினது. கிறிஸ்தவங்களைப் பிடிச்சு விசாரிச்சேன், ஒரு குறிப்பிட்ட நாள்ல விடியறதுக்கு முன்னாடியே கூடி கிறிஸ்துவைத் தெய்வமா வச்சு பாட்டுப் பாடறாங்களாம், மூடநம்பிக்கையைத் தவிர வேற எதுவும் எனக்குக் கிடைக்கலன்னு எழுதறார். அவர் கவர்னரா இருந்தது பித்தினியாவுல, நிசேயா ஊர் இருக்கறதும் அதே பித்தினியாவுலதான், இன்னிக்கு துருக்கியில இஸ்னிக்னு சொல்றாங்க. அப்போ சங்கம் கூடறதுக்கு 200 வருஷம் முன்னாடியே அந்த மாகாணத்து ஜனங்க கிறிஸ்துவைக் கும்பிட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க, அதை எழுதி வச்சவர் கிறிஸ்தவர்கூட இல்ல.

நிசேயாவுல எழுந்த கேள்வி இயேசுவைக் கும்பிடலாமா கூடாதாங்கறது இல்ல, எதிர்த் தரப்புல நின்ன அலெக்சாந்திரியா குருவானவர் ஆரியுஸும் அவரைக் கும்பிட்டவர்தான். பிதா எந்த அர்த்தத்துல கடவுளோ அதே அர்த்தத்துல குமாரனும் கடவுளா, இல்ல பிதாவால எல்லாத்துக்கும் முன்னாடி உண்டாக்கப்பட்ட மகா உயர்ந்த ஒருத்தரா, இதுதான் கேள்வி. ரெண்டாவது ஆரியுஸ் சொன்னது, சங்கம் தீர்மானம் போட்டது முதலாவதை. வந்த பிஷப்புகள் 318 பேர்னு பாரம்பரியமா சொல்லுவாங்க, அங்கேயே உக்காந்திருந்த செசரியா பிஷப் எசேபியுஸ் 250-க்கு மேலன்னு எழுதறார். கையெழுத்து போடவே மாட்டோம்னு கடைசி வரைக்கும் நின்ன பிஷப்புகள் ரெண்டே பேர், லிபியா பக்கத்து தியோனாஸ், செகுந்துஸ். ஆரியுஸோட சேத்து அவங்களையும் நாடு கடத்தினாங்க.

மிரட்டி கையெழுத்து வாங்கினாங்களான்னா, ராஜாவோட அழுத்தம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா அந்த ஹால்ல உக்காந்திருந்தவங்க யாருன்னும் பாக்கணும். எகிப்துலேர்ந்து வந்த பப்னூட்டியுஸுக்கு ஒரு கண்ணைத் தோண்டி எடுத்திருந்தாங்க, நியோசெசரியா பவுலுக்கு பழுக்கக் காய்ச்சின இரும்பு வச்சு ரெண்டு கையும் முடமாகியிருந்தது, எல்லாம் முந்தின ராஜாக்கள் காலத்து துன்புறுத்தல்ல பட்டது. ராஜா மிரட்டினா விசுவாசத்தை மாத்திக்கிறவங்களா இருந்தா அவங்களுக்கு அந்தக் காயமே பட்டிருக்காது.

கான்ஸ்டன்டைனுக்கு உண்மையிலயே இந்த விஷயத்துல ஒரு கொள்கை கிடையாது. சங்கத்துக்கு முன்னாடி ரெண்டு தரப்புக்கும் எழுதின லெட்டர்ல இது ரொம்ப அற்பமான விஷயம், இதுக்குப் போய் ஏன் சண்டைன்னு கேக்கறார், அவருக்கு வேண்டியது ராஜ்யத்துல அமைதி. கொஞ்ச வருஷத்துலயே ஆரியுஸைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டார், நிசேயா தீர்மானத்துக்காக நின்ன அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸை 335-ல இப்ப ஜெர்மனியில இருக்கற டிரியர் ஊருக்கு நாடு கடத்தினார், 337-ல சாகப்போற நேரத்துல ஞானஸ்நானம் வாங்கினது ஆரியுஸுக்கு வேண்டப்பட்ட இன்னொரு எசேபியுஸ், நிக்கோமேதியா பிஷப் கையால. அடுத்து வந்த மகன் கான்ஸ்டன்டியுஸ் வெளிப்படையாவே நிசேயாவுக்கு எதிர். 359-ல இத்தாலி ரிமினியில அவர் கூட்டின சங்கத்துக்கு 400-க்கு மேல பிஷப்புகள் வந்தாங்க, நிசேயாவை விட அதிகம், பிடிச்சு வச்சு இழுத்தடிச்சு, குமாரன் பிதாவைப் போன்றவர்னு மழுப்பலான ஒரு அறிக்கையில கையெழுத்து வாங்கினாங்க. உலகமே முனகி, தான் ஆரியுஸ் பக்கம் போயிட்டதைப் பாத்து அதிர்ந்துச்சுன்னு ஜெரோம் எழுதினது இதைப் பத்தித்தான். ராஜா சொன்னதும் தலைக்கணக்கும்தான் முடிவு பண்ணும்னா இன்னிக்கு ஞாயித்துக்கிழமை நாம சர்ச்ல சொல்றது ரிமினி அறிக்கையா இருக்கணும். அப்படி இல்லையே!

அத்தனாசியுஸ் 45 வருஷம் அலெக்சாந்திரியா பிஷப், அதுல கிட்டத்தட்ட 17 வருஷம் ஊருக்கு வெளியில, அஞ்சு தடவை துரத்தப்பட்டார். ஒருமுறை நைல் நதியில படகுல தப்பிச்சுப் போறப்ப பின்னாடி சோல்ஜருங்க துரத்தி வர்றாங்கன்னு தெரிஞ்சதும் படகைத் திருப்பி அவங்களுக்கு நேராவே விடச் சொன்னாராம், அத்தனாசியுஸைப் பாத்தீங்களான்னு கேட்டதுக்கு, பக்கத்துலதான் இருக்கார், சீக்கிரம் போங்கன்னு பதில் வந்துச்சாம், அவங்களும் வேகமா தாண்டிப் போயிட்டாங்கன்னு அடுத்த நூற்றாண்டு சரித்திரக்காரங்க எழுதி வச்சிருக்காங்க. நிசேயா நிலைச்சது இந்த மாதிரி ஆட்களாலதான், 325-ல போட்ட கையெழுத்தால மட்டும் இல்ல.

கேள்வி: பைபிள்ல எந்தப் புத்தகம் இருக்கணும்னும் நிசேயாவுலதான் முடிவு பண்ணாங்களா? (வாசகி, திருச்சி)

பதில்: இல்ல. நிசேயாவுல போட்ட 20 சட்டங்கள் அப்படியே நம்ம கையில இருக்கு, அதுல பைபிள் பட்டியல் பத்தி ஒரு வரிகூட கிடையாது. பிஷப்பை எப்படி நியமிக்கணும்னு இருக்கு, ஞாயித்துக்கிழமை முழங்கால் போடாம நின்னு ஜெபம் பண்ணணும்னுகூட இருக்கு. எல்லாப் புத்தகத்தையும் பலிபீடத்துக்கிட்ட வச்சு ராத்திரி ஜெபம் பண்ணினாங்க, காலையில நல்லது மேலயும் பொய்யானது கீழயும் கிடந்துச்சுங்கற கதை 9-ம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒண்ணுல வர்றது, பிற்பாடு ஐரோப்பாவுல பரவிடுச்சு. இப்ப நம்ம கையில இருக்கற 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை அப்படியே வரிசையா சொல்ற பழைய பட்டியல் 367-ல அத்தனாசியுஸ் எழுதின ஈஸ்டர் லெட்டர்ல வருது.

கேள்வி: கிறிஸ்துமஸ் தாத்தாவான செயின்ட் நிக்கலஸ் சங்கத்துல வச்சே ஆரியுஸ் கன்னத்துல அறைஞ்சாராமே? (வாசகர், சேலம்)

பதில்: சம்பவம் நடந்து ஆயிரம் வருஷம் கழிச்சுத்தான் அந்த அறை கதையில வருது. நிக்கலஸ் பேர் சில பிஷப் பட்டியல்கள்ல இருக்கு, சிலதுல இல்ல. அத்தனாசியுஸ் அந்த சங்கத்தைப் பத்தி எவ்வளவோ எழுதியிருக்கார், அவர் எழுத்துல நிக்கலஸைக் காணோம். வாட்ஸப்ல பெருமையா ஃபார்வர்ட் பண்றாங்க, எனக்கு அதுல சந்தோஷமில்ல, அடிச்சு ஜெயிக்கிற விஷயமா இது?

கேள்வி: ஆரியுஸும் பைபிள் வசனத்தை வச்சுத்தானே பேசினார்? அப்புறம் அவரை ஏன் அவ்வளவு பெரிய துரோகியா காட்டறாங்க? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: துரோகின்னு நான் சொல்ல மாட்டேன். அலெக்சாந்திரியாவுல மரியாதையா இருந்த வயசான ஒரு குருவானவர், கடவுள் ஒருத்தரேங்கறதை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு உண்மையா கவலைப்பட்டவர். வசனமும் நிறைய வச்சிருந்தார். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்"னு இயேசுவே சொல்றார் இல்லையா, நீதிமொழிகள் 8-ல ஞானம் தன்னைப் பத்தி பேசற இடத்துல, அன்னிக்கு அவங்க வாசிச்ச கிரேக்க பைபிள்ல கர்த்தர் என்னை சிருஷ்டிச்சார்னே இருந்துச்சு. மகன்னா அப்பாவுக்கு அப்புறம்தானே வரணும், அதனால அவர் இல்லாம இருந்த ஒரு நிலை இருந்துச்சுங்கறதுதான் அவர் வாதம். இதை மாலுமிங்க பாடறதுக்கு, மாவு அரைக்கறவங்க பாடறதுக்கு, வழிநடையா போறவங்க பாடறதுக்குன்னு தனித்தனியா மெட்டுல போட்டுக் குடுத்தார்னு அவர் பக்கத்து சரித்திரக்காரர் பிலஸ்டோர்ஜியுஸே எழுதறார், துறைமுகம் பூரா பரவிடுச்சு.

எதிர்ப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னா வழிபாட்டுலேர்ந்து. அத்தனாசியுஸ் கேட்டது இதுதான்: குமாரன் படைக்கப்பட்டவர்னா நாம ஒரு படைப்பைத்தான் கும்பிட்டுக்கிட்டிருக்கோம், அப்ப அது விக்கிரக ஆராதனைதானே? பிதா குமாரன் பரிசுத்த ஆவி பேர்ல ஞானஸ்நானம் குடுக்கறோமே, படைச்சவரையும் படைப்பையும் ஒரே மூச்சுல சேத்தா சொல்றோம்? அதைவிட முக்கியமா, படைக்கப்பட்ட ஒருத்தர் இன்னொரு படைப்பைக் கொண்டுபோய் கடவுளோட சேக்க முடியாது, அவரே அந்தக் கரையில இல்லாதப்ப நம்மளை எப்படிக் கூட்டிட்டுப் போவார்? ரட்சிப்புங்கறதே இந்த ஒரு கேள்வியில தொங்குது, அதனாலதான் அவர் 17 வருஷம் அலைஞ்சார். இன்னிக்கு யெகோவாவின் சாட்சிகள் வீட்டுக் கதவைத் தட்டி சொல்றது ஆரியுஸ் சொன்னதுக்கு ரொம்ப பக்கத்துல வரும், அவங்ககிட்ட கோவப்படாதீங்க, இந்த மூணு கேள்வியைக் கேளுங்க.

கேள்வி: இதெல்லாம் படிச்ச பிஷப்புகளோட சண்டைதானே, சாதாரண ஜனங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? (வாசகி, மதுரை)

பதில்: நேர்மாறா இருந்துச்சு. 380-கள்ல கான்ஸ்டான்டிநோபிள்ல நிசாவோட பிஷப் கிரெகரி ஒரு பிரசங்கத்துல புலம்பறார், சில்லறை மாத்தப் போனா கடைக்காரர் ஜனிப்பிக்கப்பட்டவர், ஜனிப்பிக்கப்படாதவர்னு தத்துவம் பேசறார், ரொட்டி என்ன விலைன்னு கேட்டா பிதா பெரியவர், குமாரன் கீழ்ப்பட்டவர்ங்கறாங்க, குளிக்க வெந்நீர் ரெடியான்னு கேட்டா குமாரன் இல்லாமையிலேர்ந்து உண்டானவர்னு பதில் வருதுங்கறார். அவருக்கு இது எரிச்சலா இருந்துச்சு, எனக்கு இதைப் படிக்கறப்ப பொறாமையா இருக்கு, ரொட்டிக் கடையில நின்னு கடவுள் யாருன்னு வாக்குவாதம் பண்ணின ஒரு ஊர்! அதே ஊர்ல 381-ல கூடின சங்கம்தான் பரிசுத்த ஆவி பத்தின பகுதியை விரிவா சேத்து, நாம இன்னிக்கு நிசேயா விசுவாசப் பிரமாணம்னு சொல்ற வடிவத்தைக் குடுத்துச்சு.

கேள்வி: நாங்க சிஎஸ்ஐ. மரியாளை தேவமாதா, கடவுளின் தாய்னு சொல்றது ஆர்சிகாரங்க பழக்கம்னுதான் எங்க வீட்ல சொல்லி வளத்தாங்க. ஆதி சபையே அப்படி தீர்மானம் போட்டுச்சுன்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உண்மைதான்ம்மா, 431-ல எபேசு சங்கத்துல. ஆனா அங்க பேச்சு மரியாளைப் பத்தி இல்ல, அவங்க வயித்துல இருந்தது யாருங்கறதைப் பத்தி.

கான்ஸ்டான்டிநோபிளுக்கு 428-ல புதுசா வந்த பிஷப் நெஸ்டோரியுஸ். ஜனங்க ரொம்ப காலமா மரியாளைக் கடவுளைப் பெத்தவள்னு சொல்லி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாங்க, அவர் அதைக் கேட்டு பதறினார், கடவுளுக்கு எப்படி தாய் இருக்க முடியும், கிறிஸ்துவைப் பெத்தவள்னு சொல்லுங்கன்னார். ரெண்டு மூணு மாசக் குழந்தையை நான் கடவுள்னு சொல்ல மாட்டேன்னு எபேசுல அவர் சொன்னதா சாக்ரட்டீஸ்னு அந்தக் காலத்து சபைச் சரித்திரக்காரர் எழுதறார். அலெக்சாந்திரியா பிஷப் சிரில் விடல. பெத்லகேம்ல அழுத குழந்தையும் ஆதியிலேர்ந்து இருக்கற வார்த்தையும் வேற வேற ஆள் இல்ல, ஒரே ஆள், அப்படின்னா அவரைப் பெத்தவள் கடவுளைப் பெத்தவள்தான், அதைச் சொல்லக் கூசினா சிலுவையில செத்தது வெறும் ஒரு நல்ல மனுஷன்னு ஆயிடும்னார். இந்த வாதத்துல சிரில் பக்கம்தான் நியாயம்னு நான் நினைக்கிறேன். மார்ட்டின் லூத்தரே 1539-ல சங்கங்களைப் பத்தி எழுதினப்ப இதை ஒத்துக்கறார், அதனால சிஎஸ்ஐ வீட்ல இதைச் சொன்னா ஒண்ணும் தப்பில்ல.

ஆனா சிரில் அதை நடத்தின விதம் இருக்கே, அது மனசை உறுத்தும். நெஸ்டோரியுஸுக்கு வேண்டப்பட்ட அந்தியோக்கியா பிஷப் யோவானும் அவர் கூட்டத்து பிஷப்புகளும் வந்து சேர்றதுக்குள்ளயே ஜூன் 22-ம் தேதி சங்கத்தை ஆரம்பிச்சு ஒரே நாள்ல நெஸ்டோரியுஸைப் பதவியிலேர்ந்து இறக்கிட்டார். வெளியில ஜனங்க ராத்திரி வரைக்கும் காத்திருந்து தீப்பந்தம் புடிச்சு, தூபம் காட்டி பிஷப்புகளைத் தங்கியிருந்த வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சிரிலே சந்தோஷமா எழுதறார். நாலு நாள் கழிச்சு வந்த யோவான் தனியா ஒரு கூட்டம் போட்டு சிரிலை இறக்கினார், ராஜா ரெண்டு பக்கத்துத் தீர்மானத்தையும் ஒத்துக்கிட்டு சிரிலையும் நெஸ்டோரியுஸையும் காவல்ல வச்சார். சிரில் தரப்புலேர்ந்து அரண்மனை ஆட்களுக்கு தங்கம், கம்பளம், தந்த நாற்காலின்னு போன அன்பளிப்புப் பட்டியல் இன்னிக்கும் இருக்கு. கடைசியில 433-ல சிரிலும் யோவானும் ஒரு சமரச அறிக்கையில ஒண்ணு சேந்தாங்க, தேவமாதாங்கற பேரையும் ஏத்துக்கிட்டாங்க, கிறிஸ்துவுக்கு தெய்வத்தன்மை, மனுஷத்தன்மைன்னு ரெண்டு தன்மைகள் இருக்கறதையும் ஏத்துக்கிட்டாங்க.

நெஸ்டோரியுஸை எகிப்து பாலைவனத்துக்கு அனுப்பினாங்க, அங்கேயே இறந்தார். அவர் எழுதினதையெல்லாம் எரிக்கச் சொல்லி உத்தரவு, ஆனா கடைசிக் காலத்துல எழுதின ஒரு புத்தகம் சிரியாக் மொழிபெயர்ப்புல தப்பிச்சு 1910-ல அச்சாச்சு, அதைப் படிச்சவங்க பலபேர், அவர் மேல சுமத்தின அளவுக்கு அவர் தப்பா சொல்லலன்னுதான் சொல்றாங்க. முன்னே சொன்ன சாக்ரட்டீஸும் அன்னிக்கே அவர் எழுத்தைப் படிச்சுப் பாத்துட்டு, இவர் அந்த ஒரு பேரைப் பூச்சாண்டியா நினைச்சு பயந்துட்டார், அவ்வளவுதான்னு எழுதி வச்சார்.

கேள்வி: கூட வேலை பாக்கற மலையாளி நண்பர் ஆர்த்தடாக்ஸ். கால்செடோன் சங்கத்தை நாங்க ஏத்துக்கறதில்லங்கறார். அப்ப அவங்களுக்கு இயேசு மனுஷன் இல்லையா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஐயோ, அப்படி அவர்கிட்ட கேட்டுடாதீங்க, ரொம்ப வருத்தப்படுவார். இயேசு முழுக்கக் கடவுள், முழுக்க மனுஷன்னு அவங்க சபையும் அழுத்தமா சொல்லுது.

விஷயம் இதுதான். சிரில் செத்ததுக்கப்புறம் கான்ஸ்டான்டிநோபிள்ல யூடிகெஸ்னு ஒரு வயசான துறவி, தெய்வமும் மனுஷமும் ஒண்ணு சேந்ததுக்கப்புறம் கிறிஸ்துவுக்கு ஒரே தன்மைதான்னு பிடிவாதமா நின்னார், கிறிஸ்துவோட மனுஷத்தன்மை நம்மளோடதுக்கு சமம்னு சொல்லவே தயங்கினார். அவரைக் காப்பாத்த 449-ல எபேசுலயே இன்னொரு சங்கம், அலெக்சாந்திரியா பிஷப் தியோஸ்கோரஸ் தலைமையில. கான்ஸ்டான்டிநோபிள் பிஷப் ஃபிளேவியனை அங்க படுத்தின பாட்டுல கொஞ்ச நாள்ல செத்தே போனார், ரோம்லேர்ந்து வந்திருந்த டீக்கன் ஹிலாரி, எதிர்க்கிறேன்னு கத்திட்டு தப்பிச்சு ஓடினார், ரெண்டு தன்மைகளை விளக்கி போப் லியோ அனுப்பின லெட்டரை வாசிக்கவே விடல. லியோ அதைக் கொள்ளைக்காரக் கூட்டம்னார், அந்தப் பேரே நிலைச்சுடுச்சு. அடுத்த வருஷம் ராஜா குதிரையிலேர்ந்து விழுந்து செத்தார், அக்கா புல்கேரியா மார்சியனைக் கல்யாணம் பண்ணி ராஜாவாக்கினாங்க, 451 அக்டோபர்ல கால்செடோன்ல பெரிய சங்கம் கூடுச்சு. இன்னிக்கு இஸ்தான்புல்ல கடிகோய்னு சொல்ற ஏரியா அது. தியோஸ்கோரஸைப் பதவியிலேர்ந்து இறக்கினாங்க, ஒரே கிறிஸ்து ரெண்டு தன்மைகள்ல இருக்கார், கலக்காம, மாறாம, பிரியாம, விலகாமன்னு அறிக்கை போட்டாங்க.

எகிப்துக்காரங்களுக்கு இது சிரிலைக் கைவிட்ட மாதிரி பட்டுச்சு, ஏன்னா சிரில் சொன்னது மாம்சமான வார்த்தையோட ஒரே தன்மைன்னு. அந்த ஒண்ணுல தெய்வமும் மனுஷமும் முழுசா இருக்கு, ரெண்டுன்னு பிரிச்சா திரும்ப நெஸ்டோரியுஸ்தான்னு பயந்தாங்க, யூடிகெஸையும் அவங்க ஏத்துக்கல. சங்கத்தோட நடவடிக்கைக் குறிப்புகள் அப்படியே மிஞ்சியிருக்கு, அதுல ஒரு இடம் என்னால மறக்க முடியாது. 13 எகிப்து பிஷப்புகள், லியோவோட லெட்டர்ல கையெழுத்துப் போடச் சொன்னப்ப தரையில விழுந்து அழறாங்க, எங்களுக்கு ஒரு பேராயர் வர்ற வரைக்கும் பொறுங்க, இதுல கையெழுத்துப் போட்டுட்டு ஊருக்குப் போனா எங்களைக் கொன்னுடுவாங்க, இங்கேயே வேணா செத்துடறோம்னு கெஞ்சறாங்க. கூடியிருந்த பிஷப்புகள் பலபேர் அவங்களைப் பாத்துக் கத்தறாங்க, அரசாங்க அதிகாரிகள்தான் இரக்கம் காட்டி தள்ளி வைக்கிறாங்க. அவங்க பயம் பொய்யில்ல, தியோஸ்கோரஸுக்குப் பதிலா நியமிச்ச புரோத்தேரியுஸை 457-ல அலெக்சாந்திரியா ஜனங்க கொன்னே போட்டாங்க. அதே சங்கத்துல கான்ஸ்டான்டிநோபிள் பிஷப் அனத்தோலியுஸ், தியோஸ்கோரஸை இறக்கினது விசுவாச விஷயத்துக்காக இல்லன்னு வெளிப்படையா சொன்னதும் பதிவாகியிருக்கு. இவ்வளவும் தெரிஞ்சா உங்க நண்பரோட முன்னோர்களை மதம் பிறழ்ந்தவங்கன்னு சொல்ல வாய் வராது.

காப்டிக், சிரியன், ஆர்மீனியன், எத்தியோப்பியன் சபைகளெல்லாம் அந்தப் பக்கம். கேரளா கதை இன்னும் சிக்கல். அங்க பழைய தொடர்பு பெர்சியாவோட, நெஸ்டோரியுஸைத் தள்ளாத கிழக்குச் சபையோட, சென்னை பரங்கிமலையில 1547-ல கிடைச்ச கல் சிலுவையில பஹ்லவிங்கற பழைய பெர்சிய எழுத்து இருக்கறது அந்தப் பெர்சியத் தொடர்போட அடையாளம்தான். 1599-ல உதயம்பேரூர்ல போர்த்துகீசியர்கள் கூட்டின சங்கத்துல நெஸ்டோரியக் கொள்கைன்னு சொல்லி பழைய சிரியாக் புத்தகங்களைக் கண்டனம் பண்ணி எரிக்க வச்சாங்க, 1653-ல மட்டாஞ்சேரியில கூனன் குரிசு (வளைஞ்ச சிலுவை) சத்தியம் பண்ணி ஜனங்க எதிர்த்து நின்னாங்க, 1665-ல சிரியன் ஆர்த்தடாக்ஸ் பிஷப் மார் கிரிகோரியோஸ் வந்ததுக்கப்புறம் ஒரு பிரிவு அவங்க பக்கம் போச்சு, அப்படித்தான் உங்க நண்பர் கால்செடோனை ஏத்துக்காத சபையில இருக்கார். திருச்சூர்ல இருக்கற கல்தேய சபை இன்னிக்கு கிழக்குச் சபையைச் சேர்ந்தது. 1973-ல போப் ஆறாம் பவுலும் காப்டிக் தலைவர் ஷெனூடாவும், 1984-ல போப் இரண்டாம் ஜான் பாலும் சிரியன் பாத்ரியர்க் சாக்காவும், 1994-ல அதே போப்பும் கிழக்குச் சபையோட மார் தின்காவும் கூட்டு அறிக்கை போட்டு, கிறிஸ்து பத்தி நாம சொல்றது ஒண்ணுதான்னு கையெழுத்துப் போட்டாங்க. 1500 வருஷம் ஆச்சு இதுக்கு.

கேள்வி: கெத்செமனேல இயேசு "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது"ன்னு ஜெபம் பண்றார். அவரே கடவுள்னா அவருக்கு எப்படி வேற சித்தம்? (வாசகி, மன்னார்)

பதில்: இதே வசனத்துக்காக ஒருத்தர் நாக்கையும் வலது கையையும் இழந்தார். 7-ம் நூற்றாண்டுல ராஜாங்க, கால்செடோன் சண்டையை மூடி மறைக்க, கிறிஸ்துவுக்கு தன்மை ரெண்டு இருந்தாலும் சித்தம் ஒண்ணுதான்னு ஒரு சமரசம் கொண்டுவந்தாங்க, 648-ல அதைப் பத்தி யாரும் பேசவே கூடாதுன்னு உத்தரவும் போட்டாங்க. மாக்சிமுஸ்னு ஒரு துறவி ஒத்துக்கல. சாவுக்குப் பயந்து நடுங்கற மனுஷ சித்தம் நிஜமாவே அவருக்கு இருந்துச்சு, அதை அவர் விருப்பத்தோட பிதாவுக்குக் கீழ்ப்படுத்தினார், ஆதாம் மறுத்த அந்த சம்மதத்தை நமக்காக அங்க குடுத்தார், மனுஷ சித்தமே இல்லன்னா நம்ம சித்தம் குணமாகறது எப்படின்னு கேட்டார். 662-ல கிழவர், 80 வயசு இருக்கும், நாக்கையும் கையையும் வெட்டி கருங்கடல் பக்கம் லாசிக்காவுக்கு அனுப்பினாங்க, அந்த வருஷமே இறந்தார். அவரோட நின்ன போப் மார்ட்டினும் அதுக்கு முன்னாடியே நாடு கடத்தப்பட்டு செத்திருந்தார்.

680-ல கான்ஸ்டான்டிநோபிள்ல சங்கம் கூடினப்ப ஒரு சித்தம் தரப்புல பாலிக்ரோனியுஸ்னு ஒரு துறவி, என் அறிக்கையைப் பிணத்து மேல வச்சா பிணம் எழுந்திருக்கும்னு சவால் விட்டார். ஊர் ஜனங்க முன்னாடி பிணத்தைக் கொண்டுவந்து வச்சாங்க, அறிக்கையை மேல வச்சு மணிக்கணக்கா காதுல ஜெபம் பண்ணிப் பாத்துட்டு, முடியலன்னு ஒத்துக்கிட்டார், ஆனா கொள்கையை மாத்திக்கல. 681-ல சங்கம் கிறிஸ்துவுக்கு ரெண்டு சித்தம்னு தீர்மானம் போட்டுச்சு, முன்னாடி போப்பா இருந்த ஹொனோரியுஸையே பேர் சொல்லி கண்டிச்சுச்சு. சங்கத்தைக் கூட்டின ராஜா, மாக்சிமுஸ் நாக்கை வெட்டின ராஜாவோட மகன், தீர்மானத்துல மாக்சிமுஸ் பேர் எங்கயும் இல்ல, ஆனா சொல்லியிருக்கறது அவர் சொன்னதுதான்.